அப்பாவின் பெயரை அண்ணா கேட்கிறார், கொடுக்கலாமா?

கல்லாற்று மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விசயம் கொஞ்சம் சிக்கல், அதனால் நீளமாகத்தான் வரும்.

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்து பெரியகல்லாற்றில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு சைவம், இவருடைய வீடு பரம்பரை மெதடிஸ்ட். பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் பலகாரத் தட்டு இரண்டு பக்கமும் போய் வரும், அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சண்டை கனடாவிலிருந்துதான் வந்தது. பிரம்டனில் இருக்கும் என் அண்ணா குடும்பத்தோடு மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டார். (அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம். 2018இல் அவர்களுடைய தலைவரே அப்படிக் கேட்டுக்கொண்டாராம். இவ்வளவு நீளத்தை ஒவ்வொரு முறையும் தட்ட என்னால் ஏலாது.)

தேத்தண்ணியில் தொடங்கியது. லீவில் வந்திருந்தபோது அம்மா விடிய எழும்பி, அப்பா குடிக்கிற பெரிய சில்வர் கோப்பையில் பால் தேத்தண்ணி ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து நீட்டினார். அண்ணா வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜன்னல் கட்டில் வைத்துவிட்டு, "அம்மா, நான் தேத்தண்ணி, கோப்பி எல்லாம் விட்டுட்டன்" என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. "சீனி வருத்தமா மனே?" என்று கேட்டார். சபையில் கூடாது என்று அண்ணா சொன்னதும் ஒன்றும் பேசாமல் மல்லி அவிக்கப் போய்விட்டார். மல்லித்தண்ணி குடிக்கலாமாம். இவர் விறாந்தையிலிருந்து சிரித்தது அண்ணாவுக்கும் கேட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துக் கதை இல்லை, எல்லாம் குடும்ப வட்ஸ்அப் குழுவில்தான்.

இப்போது நடப்பது அதைவிடப் பெரிது. அப்பா தவறிச் சில வருடம் ஆகிறது. அவருடைய முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், கலியாணம் முடித்த வருடம் எல்லாம் வேண்டுமென்று அண்ணா குழுவில் கேட்டிருக்கிறார். ஏன் என்றால், பிரம்டனில் இருக்கும் அவர்களுடைய ஆலயத்தில் வேறொருவர் அப்பாவின் பெயரில் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுப்பாராம். அம்மா குரல் பதிவில் ஒரே ஒரு வரி அனுப்பினார்: "அவரு மாமாங்கத்துல தீர்த்தமாடின மனுசன்." (மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தைச் சொல்கிறார்.)

இவருக்கு வந்ததே கோபம். 'செத்தவனையும் விடமாட்டார்களா' என்று தொடங்கி, யூடியூப் காணொளிகளை வரிசையாகப் போட்டார். மேலே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பொய் என்று தெரியும், பத்தில் ஒரு பங்கு சம்பளத்தைக் கறப்பதற்காக நடத்துகிறார்கள் என்றார். அண்ணா விடுவாரா? அந்தக் காணொளிகள் எல்லாம் சபையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வயிற்றெரிச்சலில் செய்வது, அதற்குக் காசு வருகிறது என்று பதில் போட்டார்.

எந்த மதம் மெய் என்று நான் இங்கே கேட்கவில்லை. அண்ணா பொய் சொல்கிற ஆளில்லை. இவரும் அண்ணாவின் பிள்ளைகளை நினைத்துத்தான் துடிக்கிறார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற பெரிய ஆட்கள்? சபை நடத்துகிறவர்கள் தெரிந்துகொண்டே ஏமாற்றுகிறார்களா? எதிர்க்கிறவர்கள் காசுக்கும் வெறுப்புக்கும் எழுதுகிறார்களா? அப்பாவின் விபரத்தை நான் கொடுக்கலாமா?

வாழைச்சேனைப் பொடியன்:

அக்கா, கொடுக்க வேண்டாம். அத்தான் சொல்வதுதான் சரி.

அந்தச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், கல்லைப் பார்த்துப் புதையல் காட்டுகிறேன் என்று திரிந்ததற்காக 1826இல் நியூயோர்க்கில் நீதவான் முன்னால் நிறுத்தப்பட்ட ஆள். பிறகு பல மனைவிகள். அதில் ஒரு பிள்ளைக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. இதை எதிரி எழுதவில்லை, சபையே தன் கட்டுரையில் ஒத்துக்கொண்டிருக்கிறது. காசு விசயத்துக்கு வந்தால், 2023இல் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு, முதலீடுகளை மறைத்ததற்காக அந்தச் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 இலட்சம் டொலர் தண்டம் போட்டது. இவ்வளவும் தெரிந்த பிறகு நல்லெண்ணம், மனச்சாட்சி என்று எதைத் தேடுகிறீர்கள்?

வந்தாறுமூலையான், இலண்டன்:

நான் அந்தச் சபையில் இருந்து விலகியவன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

படிக்க வந்த புதிதில் நான் மூன்றாம் மாடியில் குடியிருந்தேன். பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கிவிட்டுப் படிக்கட்டின் அடியில் முழித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டை, பெயர்ப்பலகை போட்ட இரண்டு பையன்கள் அந்த வழியால் வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். இரண்டாம் மாடி வளைவில் பிரிட்ஜ் சிக்கி, ஒருவனுடைய விரல் நசுங்கி இரத்தம் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே மற்றக் கையால் தள்ளினான். அந்தப் பையன்கள் இரண்டு வருடம் தங்கள் குடும்பக் காசில் ஊழியம் செய்ய வந்தவர்கள், சம்பளம் கிடையாது. அங்கே உள்ளூர்ச் சபையைப் பொறுப்பாக நடத்துகிற பிஷப்புக்கும் சம்பளம் இல்லை, அவர் பகலில் வேறு வேலை செய்கிறவர். தம்பி வாழைச்சேனை, நீர் சொன்ன தண்டம் உண்மை, அதை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் விரலை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பீர்?

நான் விலகியது பப்பிரசுச் சுருளால் (பப்பிரசு என்றால் பழைய எகிப்தியர் எழுதிய நாணல் தாள்). 1835இல் ஜோசப் ஸ்மித்தும் ஆட்களும் எகிப்திய மம்மிகளோடு சில பப்பிரசுச் சுருள்களை வாங்கினார்கள். ஆபிரகாமே எழுதியது என்று சொல்லி அவர் அதிலிருந்து ஒரு நூலைத் தந்தார், 1842இல் அச்சில் வந்தது. சுருள்கள் அழிந்துவிட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1967இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் மிஞ்சிய துண்டுகளைச் சபையிடம் கொடுத்தது. எகிப்திய எழுத்துப் படித்தவர்கள் பார்த்தால், அவை இறந்தவரோடு வைத்துப் புதைக்கிற வழக்கமான ஈமச் சடங்கு ஏடுகள். ஆபிரகாமின் பெயரே இல்லை. இதை நான் படித்தது யூடியூபில் அல்ல, சபையின் சொந்த இணையத்தளத்தில். ஆபிரகாமின் நூல் தொலைந்துபோன பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது அந்தத் துண்டுகள் ஸ்மித்துக்கு ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்று அங்கே விளக்கம் போட்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. இன்னொருவருக்குப் போதும்.

விலகியதும் நல்ல சிநேகிதன் ஒருவன் கேட்டான், "யார் உன் மனம் நோகப் பேசினது?" இன்னொருவன் இன்னும் நேராக, "என்ன பாவம் செய்தாய்?" என்றான். படித்தேன், நம்ப முடியவில்லை என்ற பதிலை இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எழுதுகிறவனுக்குக் காசு வருகிறதாம். எனக்கு இதுவரை ஐந்து சதம் வந்ததில்லை. பெரிய யூடியூப்காரர்கள் சிலருக்கு வரும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காசு வந்த பிறகு எழுத வந்தவர்களைவிட, எழுதிய பிறகு காசு வந்தவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

இந்தப் பப்பிரசைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியது ஒரே ஒரு காரணத்துக்காக. சிநேகிதனின் தங்கை 19 வயதில் ஊழியத்துக்குப் போக ஆயத்தமானாள். போவதற்கு முன் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்று அந்தக் கட்டுரையை அனுப்பினேன். அவள் போய்விட்டாள், என்னோடு இன்றுவரை கதைப்பதில்லை. அவளுடைய அம்மாவின் கண்ணில் நான் பிள்ளையைக் கெடுக்க வந்தவன். உங்கள் கணவருக்கும் அண்ணாவின் கண்ணில் அந்த இடம்தான் கிடைத்திருக்கிறது.

தம்பிலுவில் வாத்தியார்:

மகள், உங்கள் கணவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பூட்டன் வேதத்தில் (கிறிஸ்தவத்தில்தான்) சேர்ந்தபோது ஊர் என்ன சொல்லியிருக்கும்?

மெதடிஸ்ட் ஊழியர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஒரு வருடம் முழுதாக இருக்கக் கிடைக்கவில்லை, 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று சொல்வது அவரை வைத்துத்தான். இப்படி வந்து உயிரை விட்டவர்களின் பேச்சைக் கேட்டு மாறிய குடும்பங்களை 'சோத்துக்கு வேதக்காரன் ஆனவன்', 'உத்தியோகத்துக்கு மாறினவன்' என்று இந்தக் கரையில் எத்தனை வாய் சொல்லியிருக்கிறது! நான் பொடியனாக இருந்தபோதும் திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பேச்சுக் காதில் விழும். சிலர் வேலைக்கு மாறியிருக்கலாம். கல்லாற்றில் ஞாயிறுதோறும் பாடுகிற கிழவிகள் சோத்துக்கா பாடுகிறார்கள்? உங்கள் கணவருக்கு அந்தப் பேச்சின் சூடு தெரியும். அதையே மைத்துனரின் பக்கம் எடுத்து வீசுகிறார்.

இன்னொரு வேடிக்கை. ஜோசப் ஸ்மித் தான் கடவுளைக் கண்டதாகச் சொன்ன முதல் தரிசனத்தைப் பற்றி 1838இல் எழுதத் தொடங்கிய வரலாற்றில், இளவயதில் தன் மனம் மெதடிஸ்ட் பக்கம்தான் சாய்ந்திருந்தது என்கிறார். தரிசனத்தைச் சொன்னபோது அலட்சியமாகத் தள்ளியவரும் ஒரு மெதடிஸ்ட் போதகர்தானாம். ஆக இந்தச் சண்டைக்கு இருநூறு வருடம்.

இறந்தவருக்கு ஞானஸ்நானம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்மித்தின் மூத்த அண்ணன் ஆல்வின் 1823இல், 25 வயதில் இறந்தார். ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. செத்தவீட்டுப் பிரசங்கத்தில் போதகர், ஆல்வின் நரகத்துக்குப் போயிருப்பான் என்ற மாதிரிப் பேசியதாகவும், தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை என்றும் இன்னொரு தம்பி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1836இல் ஆல்வினைப் பரலோகத்தில் கண்டதாக ஜோசப் அறிவித்தார். 1840இல் நோவூ என்ற ஊரில் ஒரு செத்தவீட்டில்தான் இந்தப் போதனையை முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்னார், ஆட்கள் உடனே மிசிசிப்பி ஆற்றில் இறங்கிவிட்டார்கள். தரிசனம் மெய்யோ பொய்யோ, அதற்கு நான் சாட்சியில்லை. அதற்குள் அண்ணனை இழந்த ஒரு தம்பி இருக்கிறான் என்பதை மறுக்க எனக்கு மனம் வராது. உங்கள் அண்ணா அப்பாவின் பெயரைக் கேட்பதும் அந்த வழியில்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் அவர் இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அது, வேறு ஊரில் இறங்கப் பார்க்கிறார்.

ஆனால் நல்லெண்ணம் என்றால் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. நாசிகள் கொன்ற யூதர்களின் பெயர்களையும் இவர்களுடைய ஆட்கள் இலட்சக்கணக்கில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள். யூதர்களுக்கோ, யூதராக இருந்ததற்காகவே எரிக்கப்பட்டவர்களின் யூதத்தையும் பறிக்கிற காரியமாக அது தெரிந்தது. 1995இல் உடன்பாடு செய்து, அந்தப் பெயர்களை நீக்கச் சபை ஒத்துக்கொண்டது. பிறகும் சிலர் கொடுத்தார்கள், 2012இல் சபை மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கொடுப்பவரின் மனது சுத்தமாக இருந்தாலும் வாங்குகிறவருக்கு நோகும். அம்மாவுக்கு நொந்திருக்கிறது.

மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பி. எச். ரொபேர்ட்ஸ் என்று சபையின் உயர் பொறுப்பில் இருந்தவர் ஒருவர். சபையின் வேதநூலான மோர்மன் புத்தகத்தில் உள்ள சிக்கல்களை, உதாரணமாகக் கொலம்பசுக்கு முந்திய அமெரிக்காவில் குதிரையும் உருக்கும் எப்படி வந்தன என்பதை, எந்த எதிரியும் கேட்காத அளவுக்குத் தானே தேடி எழுதி, 1922இல் தலைவர்கள் முன் வைத்துப் பதில் கேட்டார். திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அவர் சபையை விட்டுப் போகவுமில்லை, 1933இல் இறக்கும்வரை அந்தப் புத்தகத்துக்காகப் பேசினார். அந்த எழுத்து 1985இல்தான் அச்சில் வந்தது. ஏமாற்றுக்காரன் இப்படிக் கேள்விகளைக் கட்டி எழுதித் தன் தலைவர்களின் மேசையில் வைப்பானா? அதே சபைக்காரியான ஜுவானிட்டா புரூக்ஸ் என்ற அம்மையார், 1857இல் யூட்டாவில் மோர்மன் ஆயுதக்காரர்கள் ஏறக்குறைய 120 பயணிகளைக் கொன்றதைப் பற்றி 1950இல் ஒரு நூலே எழுதினார். ஊரார் முகம் கொடுக்கவில்லை. அவரும் விலகவில்லை. இவரை நம்புகிறவர் பக்கம் சேர்ப்பீர்களா, விமர்சிக்கிறவர் பக்கமா?

பப்பிரசு விசயத்தில் இலண்டன் தம்பியின் பக்கம்தான் நான். ஏடு கண்முன் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டார்கள். மோர்மன் புத்தகம் தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தது என்று ஸ்மித் சொன்னார்; அந்தத் தகடுகளைக் கண்டதாகக் கையெழுத்திட்ட மூன்று சாட்சிகளை வைத்து உங்கள் அண்ணா வாதாடுவார். மூன்று பேரும் பிறகு ஸ்மித்தோடு முறிந்தவர்கள், இரண்டு பேர் திரும்பினார்கள், டேவிட் விட்மர் திரும்பவே இல்லை. ஆனாலும் 1888இல் சாகும்வரை, கண்டது கண்டதுதான் என்றார். விட்மர் பொய்யரில்லை என்று நான் ஒத்துக்கொள்வேன். அதிலிருந்து தகடு இருந்தது என்று முடிவுக்கு வரமாட்டேன். உங்கள் குழுவில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏடு பொய் என்றால் ஆள் பொய்யன், ஆள் நல்லவன் என்றால் ஏடு மெய் என்று இரண்டு பேரும் தாவுகிறார்கள்.

பிரம்டன் வாசி:

நான் அந்தச் சபையில்தான் இருக்கிறேன். சொந்த ஊர் ஆரையம்பதி. அக்காவின் அண்ணா நானில்லை, பயப்பட வேண்டாம்.

ஒரு விதி இருக்கிறது, யாரும் சொல்லாததால் சொல்கிறேன். கடந்த 110 வருடத்துக்குள் பிறந்த ஒருவருக்கு இதைச் செய்வதென்றால் மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். மனைவி உயிரோடு இருந்தால் அவரைக் கேட்பதுதான் முறை. யூதர் விசயத்தில் பட்ட அடிக்குப் பிறகு இதில் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். ஆக, கேட்க வேண்டியது அம்மாவிடம். வட்ஸ்அப் குழுவில் கேட்டது உங்கள் அண்ணாவின் அவசரம்.

எங்கள் நம்பிக்கைப்படி இது அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கிறிஸ்தவராக்குவது கிடையாது. அங்கே அவர் ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அங்கத்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறாது. இதைச் சொன்னாலும் அம்மாவுக்கு நோகும், எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் நொந்தது, நான் விட்டுவிட்டேன்.

வாழைச்சேனைத் தம்பி சொன்ன வயது விசயம் எங்களுக்கும் வலிக்கிற விசயம்தான். அதைப் படித்த இரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை. படித்துவிட்டு இருக்கிறோம். எப்படி முடிகிறது என்று கேட்டால் இங்கே எழுதி விளக்க வராது.

கல்லாற்று மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சேர் எழுதிய 'சோத்துக்கு வேதக்காரன்' பகுதியை இவருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் "அது வேற, இது வேற" என்றார். பிறகு தன் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டு அடிபட்ட கதையைச் சொன்னார், இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத கதை. அதற்காகக் காணொளி அனுப்புவது நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நேற்றும் ஒன்று போட்டார், பப்பிரசு. ஆனால் கீழே எழுதியது வித்தியாசம்: "மச்சான், இதுக்கு உங்கட பதில் என்ன?" அண்ணா பதில் எழுதியிருந்தார், நீளமாக. காசு, வயிற்றெரிச்சல் என்ற கதை அதில் இல்லை. பதில் எனக்குச் சரியாகப் படவில்லை, அது வேறு விசயம்.

விதியைப் பற்றி அண்ணாவிடம் கேட்டேன். தெரியுமாம், அம்மாவிடம் நேரே கேட்கப் பயமாக இருந்ததாம். சரி, கேளுங்கள் என்று வீடியோ கோல் எடுத்துக் கொடுத்தேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, அப்பா அங்கே வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா என்று இரண்டு தரம் கேட்டார். விடுவார்கள் என்றார் அண்ணா. "அப்ப நான் இரிக்கும் மட்டும் ஒண்ணும் செய்யாத மனே. நான் போன பிறகு உங்கட பாடு, அவர்ர பாடு" என்று சொல்லிவிட்டு, பேரப்பிள்ளைகளைக் காட்டச் சொன்னார்.

இப்போது இவர் அது மறுப்பு என்கிறார். அண்ணா அது சம்மதம், பிந்திய சம்மதம் என்கிறார். குழுவில் மறுபடி தொடங்கிவிட்டது.

வாழைச்சேனைப் பொடியன்:

சம்மதம்தான் அக்கா. அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.